வீகாண்ட் வீட்டுப் புகைபோக்கி

கலாதேவிக்கு வீகாண்ட் மேல் சந்தேகம் வந்தது கார்த்திகைக் கடைசியில். மார்கழி பிறந்தபோது அது சந்தேகம் என்ற கட்டத்தைத் தாண்டித் தீர்ப்பாகவே ஆகிவிட்டது. சாட்சி மட்டும்தான் பாக்கி. அதையும் பிடித்துவிடுவதென்று காய்கறி வெட்டும் பலகையைச் சமையலறை யன்னலோரம் மாற்றி வைத்துக்கொண்டாள். அங்கே நின்று வெங்காயம் உரித்தால் பக்கத்து வீட்டுப் புகைபோக்கி முழுசாகத் தெரியும்.

எல்லர்ஸ்தால் ஜேர்மனியில் ஒரு சின்ன ஊர். டார்ம்ஸ்டாட்டிலிருந்து பஸ் எடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். மலைகளுக்கு நடுவே ஒரு சட்டியின் அடியில் கிடக்கிறது. ஊர் எல்லையில், நல்ல காற்றுக்குப் பெயர்போன ஊர் என்று பெருமையாக ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். கோடையில் அது பொய்யில்லை. பட்டணத்துச் சனம் காசு கொடுத்து அறை எடுத்துக் காற்று வாங்க வருகிறது. வசந்தத்தில் வயல்களுக்கு மாட்டுச் சாணிக் கரைசல் அடிக்கும் நாட்களில் யாரும் யன்னல் திறப்பதில்லை, அதையும் சகித்துக்கொள்ளலாம். பனிக்காலம்தான் மோசம். குளிர்ந்த காற்று பள்ளத்தில் படுத்துக்கொள்ளும், மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டுவிடும். எரிவாயு விலை ஏறியதிலிருந்து வீட்டுக்கு வீடு விறகு அடுப்பு. பின்னேரமானால் எல்லாப் புகைபோக்கிகளும் சேர்ந்து விடுகிற புகை மேலே போக வழியில்லாமல் கூரை மட்டத்திலேயே நின்றுவிடும்.

இவ்வளவு புகையிலும் வீகாண்ட் வீட்டுப் புகை மட்டும் எப்படி அடையாளம் தெரிந்து தன் வீட்டுக்குள் வருகிறது என்று கலாதேவியிடம் கேட்டால் அவளுக்குக் கோபம் வரும். பக்கத்து வீடு என்றால் பக்கத்து வீடுதானே.

வீகாண்ட் முன்பு தபால் கொடுத்துக்கொண்டு திரிந்தவர். எழுபது கடந்துவிட்டது. மனைவி இறந்தபின் தனியாள். இருபது வருடமாகப் பக்கத்தில் இருக்கிறார், பனி கொட்டினால் இவர்கள் வாசலையும் சேர்த்து வழித்துவிடுவார். அதுகூட இப்போது கலாதேவிக்குச் சந்தேகமாக இருந்தது. குற்றமில்லாத மனுசன் எதற்காக அடுத்த வீட்டு வாசலை வழிக்க வேண்டும்?

விஷயம் ஆனந்தராசாவின் நெஞ்சு. அவளுடைய கணவர் ஊர்க்கோடி மர ஆலையில் முப்பது வருடம் மரம் அரியும் வாளின் முன் நின்றவர். மரத்தூள் அவருடைய சுவாசப்பையில் குடியேறிவிட்டது. போன பனிக்காலம் மூச்சு நின்றுவிடுகிற அளவுக்குப் போய் ஆசுப்பத்திரியில் கிடந்தார். சுவாசப்பை டொக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி வந்தால் திரும்பி வருவார் என்று என்னால் சொல்ல ஏலாது, புகை, தூசு எதுவும் கிட்டப் போகக்கூடாது என்று சொன்னார். அன்றிலிருந்து கலாதேவி கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு புகையைப் பார்த்துத் திரிந்தாள்.

பார்க்கத்தான் அவளால் முடியும். மணக்க முடியாது. கொரோனா வந்தபோது அவளுடைய மூக்கின் வேலையைக் கொண்டுபோனது, திருப்பிக் கொடுக்கவேயில்லை. அவள் முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்கிறவள். மணம் தெரியாதவளை எந்தச் சமையலறை வைத்திருக்கும்? ஒருநாள் பால் அடிப்பிடித்துக் கருகி, இல்லத்து நடைவழியில் இருந்த கிழவிகள்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தபிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. போனில் கதைத்துக்கொண்டிருந்தேன் என்று பொய் சொல்லித் தப்பினாள். கணவருக்கும் சொல்லவில்லை. நெஞ்சு வருத்தக்காரருக்கு இன்னொரு கவலை எதற்கு என்று விட்டுவிட்டாள்.

மணம் தெரியாதவளுக்கு உலகம் முழுக்கச் சந்தேகம். பருப்பு பழுதாகிவிட்டதா, எரிவாயு கசிகிறதா, தன் உடுப்பில் கறி மணக்கிறதா, ஒன்றும் நிச்சயமில்லை. ஒரு வெள்ளைக்காரர் பஸ்ஸில் எழும்பி வேறு ஆசனத்துக்குப் போனால், அது தன் வீட்டுச் சமையலின் மணத்தாலா, யன்னலோரம் பிடித்ததாலா என்று அவள் வீடு வரும்வரை யோசிப்பாள்.

ஆனந்தராசாவுக்காக அவள் நேர்த்தி வைத்திருந்தாள். மார்கழி முழுக்க ஒவ்வொரு பின்னேரமும் விளக்கேற்றி, வீடெல்லாம் சாம்பிராணி காட்டி, தைப்பொங்கலன்று முடிப்பதாக வேண்டுதல். கெல்சென்கிர்ச்சனில் இருக்கும் நாகலட்சுமி அக்கா பெரிய பையில் சாம்பிராணி அனுப்பியிருந்தார். கரிவட்டைப் பற்றவைத்து, தணல் பிடித்ததும் தூபக்காலில் போட்டு, மேலே சாம்பிராணியைத் தூவுவாள். முந்தி ஒரு சிட்டிகை போட்டால் மணத்திலேயே மனம் நிறைந்துவிடும். இப்போது மணத்தால் அளக்க வழியில்லாததால் கண்ணால் அளந்தாள். சுவாமிப் படங்கள் புகையில் மறைந்து திரும்பத் தெரிய வேண்டும், அப்போதுதான் அவளுக்குத் திருப்தி. ஆனந்தராசா கும்பிட்டுவிட்டு இருமுவார். இருமிக்கொண்டே காலில் சப்பாத்தைப் போடுவார்.

"எங்கை போறியள்?"

"வீகாண்டோட கொஞ்சம் காட்ஸ் விளையாடிப்போட்டு வாறன்."

"இந்தக் குளிருக்கையோ? அந்தப் புகைக்கையோ?"

"கிட்டத்தானே, கலா."

போவார். ஒரு மணித்தியாலம் கழித்து இருமல் இல்லாமல் திரும்பி வருவார். வந்து உள்ளே உட்கார்ந்ததும் திரும்ப இருமத் தொடங்குவார். அங்கே கிழவர் ஏதோ குடிக்கக் கொடுத்து இருமலை அமர்த்தி அனுப்புகிறார் என்று கலாதேவி முடிவு கட்டினாள்.

மகள் சுஜானி டார்ம்ஸ்டாட்டில் வேலை செய்கிறாள். தாயின் புலம்பல் தாங்காமல் ஒரு சனிக்கிழமை உள்ளங்கையளவு வெள்ளைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து பல்கனியில் பொருத்திவிட்டுப் போனாள். காற்றில் எவ்வளவு நுண்தூசு என்று அது இலக்கத்தில் காட்டும். நல்லதென்றால் பச்சை, சுமாரென்றால் மஞ்சள், கெட்டதென்றால் சிவப்பு. மூக்குப் போன கலாதேவிக்கு மூக்குக் கிடைத்த மாதிரி. முதல் பின்னேரமே மஞ்சள் வந்தது. உடனே மகளுக்குப் போன் போட்டாள்.

"பார்த்தியே பிள்ளை, நான் சொன்னது சரி. உந்த மனுசன்தான்."

"அம்மா, அது ஊர் முழுக்க உள்ள காற்று. விண்டர்ல எல்லாரும் விறகு எரிக்கினம். ஆரெண்டு அந்தப் பெட்டி சொல்லாது."

"அது சொல்லாட்டி நான் சொல்லுறன்."

"அவர் பாவம் அம்மா."

இந்தப் பிள்ளைகள் இங்கே பிறந்து வளர்ந்ததுகள், இங்கேயுள்ள ஆட்களுக்குத்தான் பரிந்து பேசும் என்று அவள் போனை வைத்தாள்.

அடுத்த கிழமை சாட்சி தானாக நடந்து வந்தது. வீகாண்ட் ஒரு தள்ளுவண்டியில் பழைய யன்னல் சட்டங்களை அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு மூடி, பின்பக்கக் கொட்டிலுக்குக் கொண்டுபோனார். வெள்ளை வர்ணம் உரிந்து தொங்கும் சட்டங்கள். வர்ணம் பூசிய மரத்தை எரித்தால் அதன் புகை நஞ்சு என்று மர ஆலைக்காரரின் மனைவிக்குத் தெரியாதா? அதை ஏன் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும்? அவள் வெங்காயத்தை விட்டுவிட்டுப் போனில் படம் எடுத்தாள். படத்தில் பாதி அவளுடைய பெருவிரல்.

இன்னொன்றும் பார்த்தாள். அதே நாள் பின்னேரம் ஆனந்தராசா வீகாண்டின் வாசலில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார், பிறகு இந்த வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். வீகாண்ட் மெல்லத் தலையாட்டினார். கலாதேவியின் முகம் சுட்டது. இத்தனை வருடமாக இந்த ஊரில் அவள் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். கறி மணக்கிறது, கருவாடு மணக்கிறது என்று அயல் பேசுகிறது. அதில் தன் சொந்தப் புருஷனும் கூட நிற்கிறார். வந்தவரிடம் கேட்டாள்.

"மூக்கைக் காட்டி என்ன கதைச்சனீங்கள்?"

"சளி எண்டு சொன்னனான்."

ஆனந்தராசாவுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காதைச் சொறிவார். அப்போது காதைச் சொறிந்தார்.

மறுநாள் காலை அவள் புகைபோக்கி பார்க்கிற ஆளுக்குப் போன் செய்தாள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவர் இருப்பார், அவர் சட்டப்படி வந்து அடுப்பையும் விறகையும் சோதிக்கலாம். இந்தப் பகுதிக்கு லிசா என்ற இளம் பெண். கறுப்பு உடுப்பும் தோளில் சுற்றிய தூரிகையுமாக வந்து, வீகாண்ட் வீட்டுக்குள் நெடுநேரம் இருந்துவிட்டு, நேரே இவர்கள் வாசலுக்கு வந்தாள். விறகு நன்றாகக் காய்ந்தது, சாம்பல் சுத்தம், அடுப்பு நல்ல அடுப்பு, ஒரு குறையும் இல்லை என்று டொச் மொழியில் சொன்னாள். யன்னல் சட்டங்கள்? அவற்றை வைத்து வசந்தத்துக்குச் சலாதுக் கீரை நாற்று வளர்க்கக் கண்ணாடிக் கூடு செய்கிறாராம், பாதி செய்து முடித்ததைக் காட்டினாராம்.

கலாதேவி நன்றி சொல்லிக் கதவைச் சாத்தினாள். லிசாவின் தாயும் வீகாண்டும் ஒரே தேவாலயக் கோரஸில் பாடுகிறவர்கள் என்பது ஊருக்கே தெரியும். இவர்கள் எல்லோரும் ஒன்று.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவளை உண்மையாகப் பயப்படுத்தியது. வீகாண்டின் புகைபோக்கியில் புகை நின்றுவிட்டது. அன்று மட்டுமில்லை, அடுத்த நாளும், அதற்கு அடுத்த நாளும். வெளியே தண்ணீர் வாளி அடிவரை உறைகிற குளிர். இந்தக் குளிரில் எந்த மனுசன் அடுப்பு மூட்டாமல் இருப்பான்? அப்படியென்றால் எரிக்கிறார், ஆனால் தெரியாமல் எரிக்கிறார். நிலவறையில் எரிக்கிறார். கொட்டிலுக்குள் எரிக்கிறார். அவள் வேலைக்குப் போகும் நேரம் பார்த்து எரிக்கிறார். பல்கனிப் பெட்டியோ சிவப்புக்குப் போகாமல் சாதுவாக மஞ்சளிலேயே நின்றது. பெட்டியையும் ஏதோ செய்துவிட்டார் என்று அவளுக்குப் பட்டது. வேலி தாண்டிக் கை நீட்டினால் எட்டாத தூரம்தான், ஆனால் தபால்காரக் கைகள் நீளம்.

ஆனந்தராசாவின் இருமலோ கூடிக்கொண்டே போனது. இப்போது படி ஏறினால் நின்று மூச்சு எடுத்தார். இரவில் நிமிர்ந்து உட்கார்ந்தே தூங்கினார்.

அவள் யோசித்து மூன்று காரியம் செய்தாள். பெட்டியைப் பல்கனியிலிருந்து கழற்றி உள்ளே கொண்டுவந்து, சுவாமித் தட்டுக்கு எதிரே இருந்த அலுமாரி மேல் வைத்தாள். யன்னல், பல்கனிக் கதவு எல்லாவற்றின் இடுக்குகளையும் ஒட்டுநாடாவால் ஒட்டினாள். மூன்றாவதாக, கணவர் சப்பாத்தைத் தேடியபோது அது இல்லை.

"சப்பாத்து எங்கை?"

"நான் எடுத்து வைச்சிட்டன். இனி நீங்கள் அங்கை போகப்படாது."

"கலா, எனக்கு அங்கை போனா..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

"அங்கை போனா என்ன?"

அவர் தூபக்காலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவளுடைய நெற்றியில் திருநீறும் கண்ணில் நேர்த்தியும் இருந்தன. "ஒண்டுமில்லை, விடும்," என்று கதிரையில் சாய்ந்துவிட்டார்.

அன்று பின்னேரம் விளக்கேற்றிச் சாம்பிராணி காட்டி முடிந்ததும் அவள் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். சிவப்பு. சும்மா சிவப்பு இல்லை, பல்கனியில் ஒருநாளும் காணாத பெரிய இலக்கம். உள்ளுக்குள் பயத்தோடு ஒரு வெற்றியும் இருந்தது. பிடித்துவிட்டாள். இவ்வளவு ஒட்டியும் உள்ளே வருகிறதென்றால் வெளியே எவ்வளவு இருக்க வேண்டும். மறுநாள் இன்னும் இரண்டு சுற்று ஒட்டுநாடா ஒட்டினாள். கெட்ட காற்றைச் சாம்பிராணி சுத்தமாக்கும் என்று அவள் சின்ன வயதிலிருந்து கேட்டு வந்தவள். பிள்ளைப் பெற்ற வீட்டுக்கும் நோயாளி கிடந்த அறைக்கும் அதைத்தானே காட்டுவார்கள். அது புகை என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை, அது மருந்து. ஆகவே கூடக் காட்டினாள். ஒரு கரிவட்டுக்கு இரண்டு வைத்தாள், ஒரு பிடிக்கு மூன்று பிடி போட்டாள். இலக்கம் ஏறியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நாகலட்சுமி அக்காவின் பைக்குள் கையை விட்டாள்.

மூன்றாம் பின்னேரம் தூபக்காலைக் கணவருக்கு முன்னால் பிடித்து, நெஞ்சுக்கு நேரே மூன்று தரம் சுற்றினாள். அவர் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கையை நீட்டினார். நீட்டிய கை திரும்பித் தன் தொண்டையைப் பிடித்தது. இருமல் வரவில்லை, அதுதான் பயங்கரம். வாய் திறந்து மூடியது, சத்தம் இல்லை. உதடு நீலமானது. கலாதேவி தூபக்காலை நிலத்தில் வைத்துவிட்டு அவருடைய மருந்துக் குழலை வாயில் வைத்து அமுக்கினாள், திரும்பவும் அமுக்கினாள். அம்புலன்சுக்கு அடித்து முகவரி சொன்னாள், பதறிப்போய் வீட்டு இலக்கத்தை இரண்டு தரம் பிழையாகச் சொல்லித் திருத்தினாள். பிறகு வாசல் கதவைத் திறந்து ஓடினாள், யாரையென்று தெரியாமல்.

படியில் வீகாண்ட் நின்றார். கூப்பிடாமலே வந்திருந்தார். தொப்பியும் கம்பளி மேலங்கியும் போட்டிருந்தார். அவளை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு ஒரு தரம் இருமினார். நேரே யன்னலுக்குப் போய் ஒட்டுநாடாவைக் கிழிக்கத் தொடங்கினார்.

"திறக்க வேண்டாம்," என்று அவள் டொச்சிலும் தமிழிலும் கத்தினாள். "புகை உள்ளே வரும். திறக்காதையுங்கோ."

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு யன்னல், மற்ற யன்னல், பல்கனிக் கதவு, எல்லாவற்றையும் அகலத் திறந்தார். எல்லர்ஸ்தாலின் குளிர் காற்று, ஊர் முழுக்க எரிந்த விறகின் புகையோடு, வீட்டுக்குள் புகுந்தது. ஆனந்தராசாவை யன்னலோரம் இழுத்து உட்காரவைத்து, முதுகைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, ராஜா, மெதுவாக என்று சொல்லிக்கொண்டே நின்றார்.

அம்புலன்ஸ்காரர்கள் வந்தார்கள். முன்னால் வந்த பையன் வாசலிலேயே நின்று, "எங்கே எரிகிறது?" என்று கேட்டான்.

கலாதேவி யோசிக்காமல் கையை நீட்டி வீகாண்ட் வீட்டுப் புகைபோக்கியைக் காட்டினாள். எல்லோரும் திறந்த யன்னலால் பார்த்தார்கள். அந்தப் புகைபோக்கியின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. அதில் ஒரு நூல் புகைகூட இல்லை.

பையன் அவளைத் தாண்டித் தூபக்காலைப் பார்த்தான். அதைக் கையுறையால் தூக்கிப் பல்கனியில் வைத்துவிட்டு நோயாளியிடம் போனான்.

அவர்கள் ஒட்சிசன் மூடி போட்டு, ஊசி ஏற்றி, ஆனந்தராசாவை இறக்கிக் கொண்டுபோகும்வரை கலாதேவி அலுமாரி மேலிருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. இலக்கம் இறங்கியது. வெளிக்காற்று வர வர இறங்கியது. சிவப்பு மஞ்சளானது. ஊர்ப் புகை முழுக்க உள்ளே வந்து நிரம்பியபின்னும் அது மஞ்சளிலேயே நின்றது, அதற்கு மேல் ஏறவில்லை. பல்கனியில் தூபக்கால் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அவள் அதற்குக் கிட்டப் போய்க் குனிந்து, முகத்தை அதற்கு மேல் பிடித்து, இழுத்து மணந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. கண் மட்டும் எரிந்தது.

ஆசுப்பத்திரியில் அவரைப் பார்க்க விட்டது அடுத்த நாள் மத்தியானம். மூக்கில் குழாயோடு, தலையணைகளில் சாய்ந்திருந்தார். உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. தப்பிவிட்டார் என்று டொக்டர் சொன்னார், கொஞ்ச நாள் வைத்திருந்து அனுப்புவார்களாம். கலாதேவி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்து வந்திருந்தாள். கடைசியில் அவளுக்கே கேட்காத குரலில் சொன்னாள்.

"எனக்கு மணக்கிறேல்லை."

"தெரியும்."

"எப்பேலயிருந்து தெரியும்?"

"கொரோனா வந்து போனதிலயிருந்து. பழுதான சொதியை ஊத்தித் தந்தனீர். நான் குடிச்சனான்."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் காதைச் சொறியவில்லை.

"சாம்பிராணிதான் எண்டும் தெரியுமோ?"

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டு ஏன் சொல்லேல்லை? செத்திருப்பியளே."

அவர் குழாயைச் சரிசெய்து, கொஞ்சம் மூச்சு எடுத்துக்கொண்டார். "எனக்காகத்தானே போட்டனீர். போடாதையும் எண்டு சொல்லுறதெண்டால், உமக்கு மணக்கிறேல்லை எண்டது எனக்குத் தெரியும் எண்டும் சொல்ல வேணும். நீர் அதை ஒளிச்சு வைச்சிருந்தனீர். வெக்கப்படுவீர் எண்டு நினைச்சன். பொங்கல் வரைக்கும்தானே, அங்கை போய்க் கொஞ்சம் மூச்சு எடுத்துப்போட்டு வரலாம் எண்டு விட்டிட்டன்."

சப்பாத்தை ஒளித்து வைத்தவளுக்குத் தலை நிமிரவில்லை.

"அப்ப அந்த மனுசனுக்கு மூக்கைக் காட்டிச் சொன்னது?"

"நான் திரும்பவும் ஆசுப்பத்திரிக்கு வந்தா நீர் தனிய. உமக்கு மணக்கிறேல்லை, எரியிற மணம் ஏதும் வந்தா ஓடிப்போய்க் கதவைத் தட்டு எண்டு சொல்லி வைச்சனான்."

தன்னை வேவு பார்க்கிறவர் என்று அவள் நினைத்த மனுசனை, அவளுக்காக மணந்து பார்க்கச் சொல்லித்தான் கணவர் ஒழுங்கு செய்திருந்தார். கலாதேவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர் மரியாதையாக யன்னல் பக்கம் திரும்பிப் படுத்தார்.

பஸ்ஸால் இறங்கியவள் தன் வீட்டுக்குப் போகவில்லை. நேரே வீகாண்டின் கதவைத் தட்டினாள். என்ன சொல்வது என்று டொச்சில் இரண்டு வசனம் பாடமாக்கி வைத்திருந்தாள். கதவு திறந்ததும் அந்த இரண்டும் மறந்துபோயின. வீட்டுக்குள்ளேயும் வீகாண்ட் தொப்பி போட்டிருந்தார். மேலங்கி, கழுத்துச் சால்வை, விரல் நுனி வெட்டிய கையுறை. பேசும்போது அவருடைய மூச்சு வெள்ளையாக வந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் விறகு கூரை வரை ஒழுங்காக அடுக்கியிருந்தது. அடுப்பு வாய் சுத்தமாகக் கூட்டி, வெறுமையாகக் கிடந்தது.

"ராஜா எப்படி?" என்று கேட்டார்.

"தப்பிவிட்டார். வருவார்." பிறகு அவள் அடுப்பைக் காட்டினாள். "எவ்வளவு நாளாக?"

"லிசா வந்துபோனதிலிருந்து."

"லிசா குறை ஒன்றும் இல்லை என்றுதானே சொன்னாள்?"

"சொன்னாள்தான். ஆனால் ராஜாவுக்கு மூச்சு விட முடியவில்லையே." அவர் கையுறையைத் தேய்த்துக்கொண்டார். "உங்கள் பக்கத்திலிருந்தும் புகை மணம் வந்தது. ஆனால் அது உங்கள் சாமிக்கு. அதில் நான் எப்படி வாய் வைப்பது? நேற்று மணம் அளவுக்கு மீறியபோதுதான் ஓடி வந்தேன். என் அடுப்பு என்னுடையது, அதை நான் நிறுத்தலாம். மேலங்கி போட்டுக்கொண்டால் சமாளித்துவிடலாம், திருமதி ஆனந்தராசா."

அவருடைய உதடு வெடித்திருந்தது. விரல் நுனிகள் சிவந்து வீங்கியிருந்தன. அந்தக் கைகளைத்தான் அவள் நீளம் என்று நினைத்தாள். மன்னிப்புக் கேட்க வந்தவளுக்கு அந்த வார்த்தை இப்போது மிகவும் சின்னதாகத் தெரிந்தது. அவள் அடுப்புக்கு முன்னால் குந்தினாள். அடுக்கிலிருந்து மெல்லிய விறகாக எடுத்து, கீழே பழைய பத்திரிகையைச் சுருட்டி வைத்து, மேலே குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினாள். நெருப்பு மூட்ட அவளுக்குத் தெரியும். வீகாண்ட் வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கடைசியில் நெருப்புப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார்.

தீ பிடித்தது. விறகு வெடித்துச் சத்தம் போட்டது. வீகாண்ட் கையுறையைக் கழற்றிவிட்டுக் கைகளை நீட்டினார். அவள் அங்கேயே நிலத்தில் இருந்தபடி ஆனந்தராசாவுக்குப் போன் செய்தாள்.

"வீகாண்ட் வீட்டில அடுப்பு எரியுது," என்றாள்.

"அதுக்கென்ன, நல்லது. ஏன் உம்மடை குரல் ஒரு மாதிரிக் கிடக்கு? அழுறீரே?"

"இல்லையப்பா," என்றாள் கலாதேவி. "புகை."

அந்த அறையில் புகையே இல்லை. லிசா சொன்னது சரிதான், அது நல்ல அடுப்பு.